பழைய டிரையல்ஸ் மோட்டாருக்குச் சாமான் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பழைய டிரையல்ஸ் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சப் பேரும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் குரல் பதிவில் கேட்டது, பட்டறை வாசலில் நின்று கேட்டது என்று எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லவில்லை. தேவைப்பட்ட இடத்தில் எந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டும் என்று எண் கொடுத்திருக்கிறேன்.

1. டிரையல்ஸ்னா என்ன அண்ணே? ஸ்கிராம்ப்ளர்தானே, பேர்தான் வேறயா?

இல்லை. ஸ்கிராம்ப்ளர் மண் பாதையில் வேகமாக ஓடுவதற்கு. டிரையல்ஸில் வேகத்துக்கு மதிப்பே கிடையாது. பாறை, மரவேர், ஆற்றுப் படுகை எதுவானாலும் கால் ஊன்றாமல் ஏறிப் போக வேண்டும். கால் ஊன்றினால் புள்ளி ஏறும். புள்ளி குறைவாக வாங்கியவர் ஜெயிப்பார். அதனால் வண்டி ஒல்லியாக இருக்கும், சீட் தாழ்ந்திருக்கும், முதல் கியர் நடை வேகத்தில் ஊரும், ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் சக்கரம்) கனமாக இருக்கும்.

சாமான் தேடுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஜப்பான் வண்டிகளில் இன்ஜினின் உள்பாகம் பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு ரோட்டு வண்டிக்கும் பொதுவானது. ஃப்ளைவீல், டேங்க், சைலன்சர், ஃபோர்க் கிளாம்ப், சில கியர்கள் ஆகியவை அந்த வண்டிக்கு மட்டுமே செய்தவை. முதல் வகைக்கு உடம்பு அலைந்தால் போதும். இரண்டாவது வகைக்குப் பணமும் பொறுமையும் சேர்ந்து வேண்டும்.

2. இன்னும் வாங்கல. எந்த வண்டி வாங்கினா சாமான் கிடைக்கும்?

முதல் வண்டி என்றால் யமாஹா டிஒய் 175, இல்லையென்றால் ஹோண்டா டிஎல் 125. டிஒய் 175-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 66 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. யமாஹாவின் இன்னொரு வண்டியான டிடி 175-க்கும் அதே அளவுதான், இரண்டும் 171 சிசி. டிடி உலகம் முழுக்க விற்ற வண்டி என்பதால் அதன் வழியாக டிஒய்க்கும் பல சாமான்கள் கிடைக்கின்றன. டிஎல் 125 நான்கு ஸ்ட்ரோக். அதன் இன்ஜின் சிபி 125, எக்ஸ்எல் 125 குடும்பத்தைச் சேர்ந்தது. டிஒய் 250-உம் நல்ல வண்டிதான். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை ஸ்பெயினின் ஓசா வண்டியில் 1970, 71, 72 என்று தொடர்ந்து வென்ற மிக் ஆண்ட்ரூஸை யமாஹா அழைத்து வந்து உருவாக்கிய வண்டி அது. 1974-லும் 75-லும் அதே போட்டியை அவர் யமாஹாவில் வென்றார். ஆனால் சாமான் கிடைப்பதில் 175-தான் சுலபம்.

ஸ்பானிய வண்டிகளைப் பற்றி இங்கே ஒரு தப்பான பயம் இருக்கிறது. பல்டாகோ கம்பெனியே 1980-களில் மூடிவிட்டது, சாமானுக்கு எங்கே போவது என்பார்கள். உள்ளூரில் ஒரு நட்டுகூடக் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் பல்டாகோவின் ஷெர்பா டி, மொன்டேசா கோட்டா போன்ற வண்டிகளுக்கு இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் இன்றைக்கும் புதிதாகவே சாமான் செய்து விற்கிறார்கள். பிஸ்டன், கிளட்ச் தட்டு, டேங்க், சீட், மட்கார்டுவரை உண்டு. சுசுகி ஆர்எல் 250, கவாசாகி கேடி 250 இரண்டும் பெரிய கம்பெனி வண்டிகளாக இருந்தும், ஷெர்பாவைவிட அவற்றுக்குச் சாமான் தேடுவதுதான் கஷ்டம்.

எந்த வண்டியானாலும் டேங்க், சைலன்சர், ஃப்ளைவீல், கார்புரேட்டர் நான்கும் கண்ணெதிரே இருக்க வேண்டும். ‘எல்லாம் பெட்டியில இருக்கு பாஸ்’ என்று சொன்னால் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

3. கடைக்குப் போய் ‘டிஒய் 175 பேரிங் இருக்கா’ன்னு கேட்டேன். ‘தாக் அடா’ன்னு சொல்லிட்டு தவுக்கே (கடை முதலாளி) முகத்தைக்கூடப் பார்க்கல. என்ன செய்றது?

அவர்மேல் தப்பில்லை. அவர் கடையின் அலமாரி முழுக்க ஈஎக்ஸ் 5, வேவ், எல்சி, ஒய் 15, ஆர்எக்ஸ்-இசட் என்ற உள்ளூர் ரோட்டு வண்டிகளின் பெயர்களில் அடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் டிஒய் 175 கிடையாது. பெயரைச் சொன்னால் ‘இல்லை’ என்பதுதான் நேர்மையான பதில்.

வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள், சாமானின் அளவைச் சொல்லுங்கள். பழைய சாமானை மண்ணெண்ணெயில் கழுவி, வெர்னியர் காலிப்பரில் அளந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘பேரிங் 6204, சி3’ என்றால் கை தானாக இழுப்பறைக்குப் போகும். எந்த வண்டிக்கு என்று கேட்கவும் மாட்டார்.

வேலை நாளில் காலை பத்து மணிக்கு மேல் போவது நல்லது. சனிக்கிழமை பிற்பகல் சம்பளம் வாங்கிய பையன்கள் டயர் மாற்ற வரிசையில் நிற்கும்போது நீங்கள் 1975-ஆம் வருட ஆயில் சீலைக் காட்டினால் யாருக்கும் பொறுமை இருக்காது.

4. பார்ட் நம்பர்னு ஒரு நீள எண் இருக்கே, அதை எப்படிப் படிக்கிறது?

யமாஹாவின் பழைய எண் மூன்று துண்டாக இருக்கும்: மூன்று இலக்கம், ஐந்து இலக்கம், இரண்டு இலக்கம். முதல் துண்டு, அந்தச் சாமான் முதன்முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லும். நடுத்துண்டு அது என்ன சாமான் என்று சொல்லும். 11631 என்றால் பிஸ்டன், 11610 என்றால் ரிங் செட். கடைசித் துண்டு திருத்தம், நிறம் போன்றவற்றுக்கு. 1974 டிஒய் 250-க்கு உரிய எண் 434. உங்கள் டிஒய் 250-இன் சாமான் பட்டியலில் ஒன்று 434-இல் தொடங்காமல் வேறு எண்ணில் தொடங்கினால் சந்தோஷப்படுங்கள். அது வேறு வண்டியிலிருந்து கடன் வாங்கியது. அந்த வண்டியைக் கண்டுபிடித்தால் சாமானும் கிடைத்த மாதிரி.

ஹோண்டாவில் துண்டுகளின் இடம் மாறும். முதல் ஐந்து இலக்கம் சாமானைச் சொல்லும், நடுவில் உள்ள மூன்று மாடலைச் சொல்லும். 13101 என்றால் பிஸ்டன். நடுவில் 355 இருந்தால் டிஎல் 125-க்காகச் செய்தது. பேரிங், ஆயில் சீல் போன்ற பொதுச் சாமான்கள் யமாஹாவில் 93-இலும் ஹோண்டாவில் 91-இலும் தொடங்கும். அவற்றைக் கம்பெனி பெட்டியில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை (கேள்வி 6).

பல்டாகோவில் இன்ஜின் எண்ணின் முன்பகுதியே மாடல் எண். ஷெர்பா டி என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் சாமான் தப்பாகத்தான் வரும். முதல் ஷெர்பா டி மாடல் 10. பிறகு 49, 80, 92 என்று போய் 199 வரை வருகிறது. இடையில் எத்தனையோ மாற்றம். இன்ஜின் எண்ணைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. சரி, எந்த இடத்துக்குப் போறது? கேஎல்ல எங்க, பினாங்குல எங்க?

கோலாலம்பூரில் சான் சோ லின் பக்கம் போனால் லேத் பட்டறை, போர் அடிக்கும் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்) கடை, வெல்டிங் என்று ஒரே வட்டாரத்தில் முடித்துக்கொள்ளலாம். ஜாலான் ஈப்போ, செகாம்புட் பக்கம் வாகனச் சாமான் கடைகள் உண்டு. கண்டென்சர், ஒயர், கனெக்டர் போன்ற மின்சாமானுக்குப் புடுவில் ஜாலான் பாசார். பேரிங்குக்கு மோட்டார் கடையை விட்டுவிடுங்கள்; தொழிற்சாலைகளுக்கு விற்கும் பேரிங் கடைதான் சரி.

பினாங்கில் தீவுப் பக்கம் என்றால் காலையில் லோரோங் கூலிட் சந்தை. சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் தார்பாய் விரித்துப் பழைய பொருள் விற்பார்கள். டிஒய் டேங்க் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். நல்ல பழைய ஜப்பான் ஸ்பேனர், புல்லர், மைக்ரோமீட்டர் ஆகியவை கிடைத்தால் விடாதீர்கள். லேத் வேலைக்கு அக்கரைக்குப் போய்விடுவதே மேல். பட்டர்வொர்த் மாக் மண்டின், பிறை தொழிற்பேட்டை இரண்டிலும் தொழிற்சாலைக்கு வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. துல்லியத்துக்குப் பழகிய கைகள். சின்ன வேலை என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. மூன்று நான்கு வேலையைச் சேர்த்துக் கொண்டுபோனால் அந்தப் பிரச்சினை வராது.

ஒரு சின்ன ஊர் மோட்டார் சாமான் கடை, அப்பா காலத்திலிருந்து நடப்பது, உங்கள் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துங்கள். மேல்மாடியில் தூசு படிந்த பழைய பெட்டிகள் இருக்கிற கடைகள் இவை. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் இன்னும் இருக்கின்றன. அங்கே எடுத்தவுடன் சாமான் கேட்காதீர்கள். ஒரு ஸ்பார்க் பிளக் வாங்குங்கள், பேச்சுக் கொடுங்கள்.

6. பேரிங், ஆயில் சீல் ரெண்டும் கம்பெனி சாமானாத்தான் போடணுமா?

வேண்டாம். பேரிங் உலகப் பொது அளவு. 6204 என்றால் உள்வட்டம் 20 மில்லிமீட்டர் (கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும்), வெளிவட்டம் 47, அகலம் 14. 6205 என்றால் 25, 52, 15. கிராங்க் பேரிங்குக்குச் சாதாரண இடைவெளி உள்ளதை வாங்காதீர்கள். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருக்க வேண்டும். சூட்டில் விரியும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். ஜப்பான் பெயர் போட்ட பேரிங்கைப் பாதி விலைக்குக் கொடுத்தால் அது போலி. நல்ல கடை தவுக்கே அதை முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

ஆயில் சீலில் மூன்று அளவு: உள், வெளி, தடிமன். உள்ளும் வெளியும் அச்சாக இருக்க வேண்டும். தடிமன் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் பரவாயில்லை, கூடினால் உட்காராது. இரண்டு ஸ்ட்ரோக் கிராங்க் சீலுக்கு விட்டான் ரப்பர் கிடைத்தால் அதையே போடுங்கள், பெட்ரோலையும் சூட்டையும் தாங்கும். சீல் போன பக்கத்தை வண்டியே சொல்லும். கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும், ஆயில் மட்டம் குறையும். மேக்னெட்டோ பக்கம் போனால் காற்றை உறிஞ்சும். ஐட்லிங் (த்ராட்டிலைத் திருப்பாமல் இன்ஜின் ஓடும் வேகம்) ஏறிக்கொண்டே போகும். இரண்டாவதுதான் ஆபத்து. பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும்.

7. ஐட்லிங் நிக்கவே மாட்டேங்குது. கார்புரேட்டர் மாத்தச் சொல்றாங்க. மாத்தவா?

மாற்றுவதற்கு முன்னால் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். விரலால் வளைத்தால் உள்மடிப்பில் தலைமயிர் போலக் கோடு தெரியும். நம் ஊர் வெயிலுக்கும் ஐம்பது வருட வயதுக்கும் அது வெடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். இன்ஜின் ஓடும்போது அந்த ரப்பர்மேல் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடியுங்கள். சைலன்சரிலிருந்து தள்ளி நின்று செய்யுங்கள். சத்தம் மாறினால் காற்று புகுகிறது.

சிலிக்கான் பூசி ஒட்டுவது வேலைக்காகாது, பெட்ரோல் பட்டதும் ஊறிக் கழன்றுவிடும். அச்சான ரப்பர் கிடைக்காவிட்டால் இரண்டு அளவு எடுங்கள்: போல்ட் துளைகளின் நடுவிலிருந்து நடு எவ்வளவு, கார்புரேட்டர் வாயின் வெளிவட்டம் எவ்வளவு. இவை இரண்டும் ஒத்துப்போகும் ரப்பர் ஏதோ ஒரு பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு இருக்கும்.

ரப்பர் நன்றாக இருந்தும் பிரச்சினை தீரவில்லை என்றால் மேலே 6-இல் சொன்ன சீல். அதுவும் இல்லை என்றால்தான் கார்புரேட்டர்.

8. மிக்குனி மாதிரியே இருக்கிற சீனாக் கார்புரேட்டர் ஐம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்குதே?

வண்டி கிளம்பும், தாமானை (குடியிருப்பை) சுற்றி ஓடவும் செய்யும். ஆனால் டிரையல்ஸ் வண்டி வாழ்வது த்ராட்டிலின் முதல் கால்வாசித் திருப்பத்தில்தான். அந்த இடத்தில் வேலை செய்யும் பைலட் ஜெட், ஸ்லைடின் வெட்டு, ஊசி மூன்றும்தான் நகலில் முதலில் தப்பாக இருக்கும். பாறைமேல் நிற்கும்போது ஒரு தயக்கம் வந்தால் கால் ஊன்றிவிடுவீர்கள்.

உங்கள் வண்டியில் வந்த ஜப்பான் மிக்குனி விஎம் கார்புரேட்டர் தேய்ந்திருந்தாலும், அதற்கான ஜெட், ஊசி, மிதவை வால்வு இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. உண்மையான ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரம் முத்திரை இருக்கும். ஸ்பானிய வண்டிகளில் இருக்கும் அமால் கார்புரேட்டருக்கும் இங்கிலாந்தில் இன்றுவரை சாமான் தயாராகிறது. ஒரு கம்பெனியின் ஜெட் எண்ணை இன்னொன்றுக்கு அப்படியே மாற்றிப் போடாதீர்கள். சிலர் நிமிடத்துக்கு எத்தனை சிசி பாய்கிறது என்று எண் போடுகிறார்கள், சிலர் துளையின் விட்டத்தை எண்ணாகப் போடுகிறார்கள்.

9. ஆர்எக்ஸ்-இசட் சாமான்தான் தெருவுக்குத் தெரு கிடைக்குதே, அதைப் போட்டா என்ன?

எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கைப்பிடி ரப்பர், லீவர், பெட்ரோல் குழாய், பிளக் மூடி, கேபிள் உறை ஆகியவற்றைத் தயங்காமல் எடுங்கள். ஹேண்டில்பார் விட்டம் 22 மில்லிமீட்டர்தான், எல்லாம் பொருந்தும். செயினும் அப்படித்தான். பல்சக்கரத்தில் 428 என்று குத்தியிருந்தால் கப்சாய் (சின்ன ரோட்டு வண்டி) செயினே போதும், 520 என்றால் பெரிய வண்டிச் செயின். கிளட்ச் தட்டை எடுத்துப் போய் வெளிவட்டம், காது எண்ணிக்கை, தடிமன் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஒத்துப்போகும்.

பிஸ்டன் என்றால் இல்லை. ஆர்எக்ஸ்-இசட் போர் 56 மில்லிமீட்டர், டிஒய் 175-இன் போர் 66. இதைக் கேட்காதவர்களே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

10. பிஸ்டன் தேய்ஞ்சு போச்சு. முதல்ல போர் அடிச்சிட்டு அப்புறம் பிஸ்டன் தேடலாமா?

கூடவே கூடாது. பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் சிலிண்டரைக் கடைக்கு அனுப்ப வேண்டும். ஓவர்சைஸ் (இயல்பைவிடப் பெரிய பிஸ்டன்) கால் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும்: 0.25, 0.50, 0.75, 1.00. கடைக்காரர் 0.50-க்குப் போர் அடித்துவிட்டு, உலகத்தில் உங்களுக்கு 0.25-உம் 1.00-உம் மட்டுமே கிடைத்தால் என்ன செய்வீர்கள்? அதுவுமில்லாமல் ஒரே அளவு என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனும் நூலளவு மாறும். போர் அடிப்பவர் அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, கையேட்டில் உள்ள இடைவெளியைக் கூட்டித்தான் சிலிண்டரை அறுக்க வேண்டும். பிஸ்டனைக் கேட்காமலே வேலையை எடுத்துக்கொள்கிற கடையென்றால் சிலிண்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேறு வண்டியின் பிஸ்டனைப் போடுவதாக இருந்தால் விட்டம் ஒன்று ஒத்துப்போவது போதாது. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னின் விட்டம், அந்தப் பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலைவரை உயரம், பாவாடையின் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) நீளம், அதில் உள்ள ஜன்னல்கள் ஆகிய நான்கும் ஒப்பிட வேண்டும். எல்லாரும் மறப்பது ஐந்தாவது. ரிங் சுற்றாமல் பிடிக்கும் சின்ன ஆணி எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டு மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். ரிங்கின் இரண்டு முனையும் சந்திக்கும் இடம் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளையின்மேல் வந்தால் அந்தப் பிஸ்டனை மறந்துவிடுங்கள். முனை துளைக்குள் எட்டிப் பார்க்கும், விளிம்பில் மாட்டும், ரிங் ஒடியும். சிலிண்டரும் கூடவே போகும்.

போர் அடித்து வந்ததும் போர்ட் விளிம்புகளைக் கூர் மழித்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் வேலையே செய்து பழகிய கடைகள் இதை விட்டுவிடும்.

11. சூடானதும் நின்னு போகுது, ஆறினா கிளம்புது. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுடலாமா?

முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். சூட்டில் சாகும் சாமான் அதுதான். பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் முனை) தீய்ந்து கறுத்திருந்தால் அதுவே சாட்சி. பாயிண்ட் இடைவெளி யமாஹாவில் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். புதுக் கண்டென்சரிலும் இதே கதை என்றால் காயில். மின்மோட்டார் சுற்றித் தரும் கடையில் மறுபடி சுற்றிக்கொள்ளலாம். கம்பியின் தடிமனையும் சுற்று எண்ணிக்கையையும் பழைய காயிலிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். அவிழ்த்துத் தூக்கி எறிந்த பிறகு கேட்டால் பிரயோஜனமில்லை.

எலக்ட்ரானிக் செட் இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வருகிறது. எலக்ட்ரெக்ஸ், பிவிஎல், வேப் என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். நல்ல சாமான்தான். ஆனால் சில செட்டில் ரோட்டர் சின்னதாக, இலேசாக இருக்கும். பந்தய வண்டிக்கு அது வசதி, நமக்கு நஷ்டம். கனமான ஃப்ளைவீல்தான் மெதுவான வேகத்தில் இன்ஜினை நிற்காமல் உருட்டுகிறது. பழைய ஃப்ளைவீலை அப்படியே வைத்துக்கொள்ள விடும் செட்டையோ, எடை கூட்டித் தரும் செட்டையோ தேடுங்கள். கழற்றும்போது சுத்தியலைத் தொடாதீர்கள். புல்லர் மரை எந்த அளவு என்று பார்த்து வாங்கிவிடுங்கள். கிராங்க் முனை வளைந்தால் செலவு பல மடங்கு.

12. டயர் இங்க கிடைக்குமா? கப்சாய் டயர் கடையில கேட்டா சிரிக்கிறாங்க.

முன்னால் 2.75-21, பின்னால் 4.00-18. இந்த அளவுகள் மாறவேயில்லை என்பதால் டயர் இன்றும் புதிதாகவே தயாராகிறது: ஐஆர்சி, டன்லப், மிஷ்லன், பிரெல்லி. கடையில் தொங்காது, ஆர்டர் கொடுக்க வேண்டும். டயர் ஓரத்தில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பழையதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், தேதியைப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

பின் டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும் ஸ்போக் போட்ட பழைய ரிம்மில் டியூப் கட்டாயம். காற்று 4-இலிருந்து 6 பிஎஸ்ஐதான் வைப்போம். பெட்ரோல் நிலைய அளவுமானியில் அந்த எண் தெரியவே தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கான கைமானி ஒன்று வாங்குங்கள். காற்று இவ்வளவு குறைவாக இருந்தால் டயர் ரிம்மில் நழுவி டியூப் வாய் கிழியும், அதனால் பின்சக்கரத்தில் ரிம் லாக்கும் வேண்டும்.

13. பிரேக் ஷூ கிடைக்கல. பழசுலயே புது லைனிங் ஒட்டித் தருவாங்களா?

தருவார்கள். லாரி பிரேக் லைனிங் ஒட்டும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. சின்ன ஷூவையும் செய்து தருவார்கள். ஷூவோடு டிரம்மையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். டிரம் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் லேசாகக் கடைந்துவிட்டு, அந்த விட்டத்துக்கு ஏற்ற தடிமனில் லைனிங் ஒட்டச் சொல்ல வேண்டும்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக்குழாய் வைத்து அடிக்காதீர்கள், மணல்தாளில் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

14. வெளிநாட்டுல ஆர்டர் போட்டா வரி எவ்வளவு வரும்?

மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெரிய விற்பனைத் தளங்கள் பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துவிடும். 500-ஐத் தாண்டினால் சுங்கம் பொருளின் வகையைப் பார்த்து இறக்குமதி வரியும் விற்பனை வரியும் போடும். நண்பர்கள் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால் அனுப்பும் செலவு மிச்சமாகும். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டுமா என்று கணக்குப் போட்ட பிறகு சேருங்கள்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். பொட்டலம் தொலைந்தால் எழுதிய விலைதான் திரும்பக் கிடைக்கும் என்பது இன்னொரு பக்கம். பழைய டேங்க், கார்புரேட்டர் வாங்கினால் விற்பவரிடம் நன்றாகக் கழுவி உலர்த்தச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

15. ‘திறக்காத பழைய ஸ்டாக், கம்பெனி பெட்டியோட இருக்கு’ன்னு ஒருத்தர் விலை சொல்றார். நம்பலாமா?

உலோகச் சாமானென்றால் நம்பலாம்; பெட்டி எண்ணை 4-இல் சொன்ன மாதிரி படித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். பிஸ்டன், கியர், பல்சக்கரம் எல்லாம் எண்ணெய்த்தாளில் சுற்றியிருந்தால் நாற்பது வருடமானாலும் கெடாது. ரப்பர் சாமானென்றால் பெட்டியின் அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1976-இல் செய்த ஆயில் சீலும் இன்டேக் ரப்பரும் அலமாரியிலேயே வயதாகியிருக்கும். அளவெடுக்க மட்டும்தான் ஆகும்.

விலையைப் பற்றி ஒன்று. ‘அபூர்வம்’ என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் அபூர்வம் கிடையாது. விற்பவருக்கு வேறு எங்கே கிடைக்கும் என்று தெரியாது, அவ்வளவுதான். பார்ட் நம்பரை வாங்கிக்கொண்டு ‘நாளைக்குச் சொல்றேன் அண்ணே’ என்று மரியாதையாக நகர்ந்து, வீட்டில் தேடிவிட்டு முடிவு செய்யுங்கள்.

16. கிடைக்காததை எல்லாம் லேத்தில் செஞ்சுக்க முடியாதா?

ஸ்பேசர், ஸ்விங்ஆர்ம் புஷ், ஃபுட்ரெஸ்ட் பின், பின்பக்கப் பல்சக்கரம் ஆகியவற்றைத் தாராளமாகச் செய்யலாம். ஸ்விங்ஆர்ம் புஷ்ஷை வெண்கலத்தில் செய்து கிரீஸ் வாய் வைத்தால் கம்பெனி பிளாஸ்டிக் புஷ்ஷைவிட நன்றாக இருக்கும். படம் வரைந்து அளவெழுதிக் கொடுங்கள். ‘இதே மாதிரி ஒண்ணு’ என்று தேய்ந்த சாமானைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே செய்து தருவார்கள்.

கனெக்டிங் ராட், கிராங்க் பின், கியர், ஸ்டியரிங் தண்டு, பிரேக் லீவர் கை, சக்கர அச்சு ஆகியவற்றைத் தெரு லேத்தில் செய்யாதீர்கள். அங்கே தேவைப்படுவது இரும்பின் தரமும் சூடேற்றிப் பதப்படுத்தலும். வடிவம் அச்சாக இருந்தும் மலையிறக்கத்தில் ஒடிந்தால் என்ன லாபம்? பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் அச்சு செய்யச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்.

17. ஃபைபர் டேங்க் ஷெர்பா வச்சிருக்கேன். ஹாட்யாய் பக்கம் ஓட்டப் போனப்புறம் டேங்க் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. ஏன்?

தாய்லாந்தில் பரவலாக விற்கும் கேசோஹாலில் எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ஃபைபர் டேங்கின் பிசினை அது கரைக்கும். கரைந்தது பெட்ரோலோடு போய்க் கார்புரேட்டரில் படிந்து பழுப்புக் கோந்தாகிவிடும். உடனே டேங்கைக் காலி செய்து கழுவி, கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். டேங்க் கெட்டியாக இருந்தால் எத்தனாலைத் தாங்கும் பூச்சு உள்ளே ஊற்றலாம். மெத்தென்று அமுங்கினால் அந்த டேங்கைச் சுவரில் மாட்டிவிட்டு அலுமினிய நகல் டேங்க் வாங்குங்கள். ஷெர்பாவுக்கு அது கிடைக்கும் (கேள்வி 2).

18. இன்ஜின் கேஸ் உடைஞ்சிருச்சு. வேற இன்ஜின் கேஸ் கிடைச்சிருக்கு, ஆனா நம்பர் வேற. பழைய நம்பரைக் குத்திக்கலாமா?

குத்தக்கூடாது. அது குற்றம். ரோடு டேக்ஸ் உள்ள வண்டியென்றால் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவில் இருக்கின்றன. கேஸ் மாறினால் இன்ஜின் எண் மாறுகிறது என்றுதான் அர்த்தம். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) விண்ணப்பித்து, வண்டியைச் சோதனைக்குக் காட்டி, பதிவை மாற்ற வேண்டும். அந்தக் கேஸ் எந்த வண்டியுடையது, விற்றவர் யார் என்பதற்கு ரசீது இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பதிவே இல்லாத வண்டி என்றாலும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது, லாரியிலோ வேனிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு முன்னால் உடைந்த கேஸைத் தூக்கிப் போடாதீர்கள். செயின் அறுந்து முன்பல்சக்கரத்துப் பக்கம் ஓட்டை விழுவதுதான் வழக்கமான உடைப்பு. அதை அலுமினியம் டிக் வெல்டிங்கில் அடைக்கலாம். ஐம்பது வருட எண்ணெய் உலோகத்துக்குள்ளேயே ஊறியிருக்கும். முதலில் சூடேற்றி வெளியே கொண்டுவந்து துடைத்து, மறுபடி சூடேற்றித் துடைத்த பிறகுதான் வெல்டிங் பிடிக்கும். பேரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உடைந்திருந்தால் இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இறுக்கி வைத்தே வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோணிவிடும். முடிந்ததும் கேஸ்கட் முகத்தைக் கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜால் சோதியுங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைந்தால் முகத்தைச் சீவ வேண்டும். சீவுவதானால் எண் குத்தியிருக்கும் இடத்தைத் தொட வேண்டாம் என்று பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த இடத்தில் டேப் ஒட்டிக் கொடுங்கள்.